வாசகர் கேள்விகள்: பாலியல் குற்றவாளிகளுக்குத் தரப்படும் ஹார்மோன் ஊசி

குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியவர்களுக்கு ஆண்மைச் சுரப்பை அடக்கும் ஊசி போடும் சட்டம் தென் கொரியாவில் இருக்கிறது என்று சென்ற இதழில் வேறொரு பதிலின் நடுவே ஒற்றை வரியாக எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதம் அதிகம். அவற்றுள் ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): என் மாமனாருக்கு 74 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை லூப்ரோலைடு ஊசி போட்டுக்கொள்கிறார். கொரியாவில் குற்றவாளிகளுக்குப் போடுவதும் அந்த ஊசிதான் என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டு, அப்பாவுக்குத் தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார், சொல்லாதே என்கிறார். உண்மையிலேயே இரண்டும் ஒரே மருந்தா? அது எப்படி வேலை செய்கிறது?

பதில்: ஒரே மருந்துதான். அதை மாமனாரிடம் மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய உயிரைக் காக்கும் மருந்து இன்னொருவருக்கு இன்னொரு காரணத்துக்காகத் தரப்படுகிறது, அவ்வளவே.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, விட்டுவிட்டு ஒரு ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு ஆணை அனுப்புகிறது. விரைகள் ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கின்றன. லூப்ரோலைடு, டிரிப்டோரெலின், கோசெரெலின் ஆகியவை ஹைப்போதலாமஸின் ஹார்மோனைப் போலவே செய்யப்பட்டவை. ஆனால் இவை விட்டுவிட்டு வராமல் இடைவிடாது உடலில் தங்கியிருப்பதால், ஓயாமல் கதவு தட்டப்படும் வீட்டில் கடைசியில் யாரும் எழுந்து வராததைப் போல, பிட்யூட்டரி அந்த அழைப்புக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிடுகிறது. மூன்று, நான்கு வாரங்களில் டெஸ்டோஸ்டீரோன் அளவு ஏறக்குறைய அறுவை சிகிச்சையில் விரைகளை அகற்றியவரின் அளவுக்கு இறங்கிவிடும். வளர்ந்த ஆணின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 300 முதல் 1,000 நானோகிராம் வரை இருப்பது 50-க்கும் கீழே போய்விடும்.

பதில் நிற்பதற்கு முன், முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பிட்யூட்டரி வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் டெஸ்டோஸ்டீரோன் உயரும். உங்கள் மாமனாருக்கு முதல் ஊசியின்போது சில வாரங்களுக்கு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதற்குக் காரணம் இதுதான். பாலியல் குற்றவாளியின் சிகிச்சையில் இந்த இரண்டு வாரங்கள் இன்னும் ஆபத்தானவை என்பதால், டெஸ்டோஸ்டீரோனின் வேலையைத் தடுக்கும் சைப்ரோட்டிரோன் போன்ற மாத்திரையைத் தொடக்கத்தில் சேர்த்துத் தருவது மருத்துவ வழக்கம். பிற்காலத்தில் வந்த டெகாரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றம் இல்லை.

அமெரிக்காவில் நெடுங்காலம் பயன்பட்ட மருந்து வேறு: மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்டிரோன். நம் அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயரில் பெண்களுக்குக் கருத்தடை ஊசியாகப் போடப்படுவது இதே மருந்துதான். கருத்தடைக்கு மூன்று மாதத்துக்கு 150 மில்லிகிராம் போதும். ஆண்களின் பாலுணர்வை அடக்க அதைவிடப் பல மடங்கு தேவைப்படும்.

மாமனாருக்கு இரவில் திடீரென்று உடல் கொதித்து, வேர்த்து, மின்விசிறியின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் வந்திருக்கக்கூடும். அது இந்த ஊசியின் விளைவு. வயதின் கோளாறு என்று ஒதுக்காமல் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

கேள்வி (மதுரை, சட்டக் கல்லூரி மாணவர்): இந்த ஊசியைப் போட்டால் குற்றவாளி மீண்டும் குற்றம் செய்ய மாட்டார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

பதில்: நம்பிக்கை தரும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஒரு சட்டத்தை எழுப்பும் அளவுக்கு அது வலுவாக இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

1998-இல் இஸ்ரேல் மருத்துவர்கள் இருவர், விபரீதமான பாலியல் ஈர்ப்பால் அவதிப்பட்ட 30 ஆண்களுக்கு மாதம் ஒரு டிரிப்டோரெலின் ஊசியும் கூடவே மனநல சிகிச்சையும் அளித்து, எட்டு முதல் 42 மாதங்கள் வரை கவனித்தார்கள். வாரத்துக்குச் சராசரியாக 48 முறை வந்துகொண்டிருந்த கற்பனைகள் முற்றிலும் நின்றன. தவறான நடத்தையும் நின்றது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், பரோலில் வெளிவரவிருந்த 275 பேரை ஆராய்ந்ததில், மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்டிரோன் தேவை என்று முடிவுசெய்து ஊசியும் போடப்பட்ட 79 பேரில் ஒருவர்கூட புதிய பாலியல் குற்றம் செய்யவில்லை என்று 2006-இல் வெளியான கட்டுரை சொன்னது.

ஒரு மருத்துவனாக இவற்றைப் படிக்கும்போது மனம் துள்ளத்தான் செய்கிறது. ஆயினும் முதல் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழு இல்லை; சேர்ந்தவர்கள் அனைவரும் சிகிச்சைக்குச் சம்மதித்தவர்கள். இரண்டாவதில் ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. குலுக்கல் முறையில் நடந்த சோதனைகளை மட்டும் தேடித் தொகுத்த 2015-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் பன்னாட்டு அமைப்பின் அறிக்கை), உலகம் முழுவதும் தேடியும் ஏழு சோதனைகளைத்தான் கண்டது. மொத்தம் 138 பேர். அனைத்தும் 20 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. இன்று அதிகம் பேசப்படும் லூப்ரோலைடு வகை மருந்துகள் அவற்றில் ஒன்றில்கூட இல்லை.

இனி, யாரிடம் வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். அடக்க முடியாத பாலியல் உந்துதல், அதிலும் குழந்தைகள் மீதான நிலையான ஈர்ப்பு, எவருடைய குற்றத்துக்கு நேரடிக் காரணமாக இருக்கிறதோ அவரிடம் இந்த மருந்து மிக நன்றாக வேலை செய்கிறது. இரவும் பகலும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் அணைந்துபோனதாக அத்தகையவர்கள் சொல்வதுண்டு. ஆனால் வன்கொடுமை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள் அல்லர். பழிவாங்கும் வெறி, சாதித் திமிர், போதை, தட்டிக்கேட்க ஆளில்லை என்ற துணிச்சல் ஆகியவை டெஸ்டோஸ்டீரோன் குறைந்தால் கரைந்துவிடுவதில்லை. குழந்தைக்குக் கேடு செய்ய ஆணுறுப்பு விறைக்க வேண்டும் என்பதும் இல்லை. கைகளாலும் பொருள்களாலும் செய்யப்படும் கொடுமைகளை அரசு மருத்துவமனைப் பணியில் இருக்கும் எந்த மருத்துவரும் அறிவார். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், வன்புணர்வு வழக்குகளில் 100-க்கு ஏறத்தாழ 95-இல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர் என்று ஆண்டுதோறும் வருகிறது. இருட்டில் பதுங்கியிருக்கும் முகம் தெரியாத வெறியனை மனத்தில் வைத்து இந்த ஊசியைப் பேசுகிறோம்; பெரும்பாலான வழக்குகளில் நிற்பவரோ உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், தெரிந்தவர்.

கேள்வி (திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியர்): இந்த ஊசியை எத்தனை ஆண்டுகள் போட வேண்டும்? ஆயுள் முழுவதுமா? உடலுக்கு என்ன ஆகும்? நிறுத்தினால் பழைய நிலை திரும்புமா?

பதில்: கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். நிறுத்தினால் திரும்பும். சில மாதங்களில் சுரப்பு மீண்டும் தொடங்கி, உந்துதலும் மெல்லத் தலைதூக்கும். ‘ஆண்மை நீக்கம்’ என்ற சொல் நாளிதழ்களில் புழங்கினாலும், ஊசியால் நடப்பது நீக்கம் அன்று. தொடர்ந்து அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் அடங்கியிருக்கும். அதனால்தான் இதில் கால அளவு இவ்வளவு முக்கியமாகிறது. உயிரியல் மனநல மருத்துவச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பாலியல் வன்முறைக்கு அதிக வாய்ப்புள்ள கடுமையான நிலையில் குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் சிகிச்சை தேவை என்கின்றன. அதே நெறிகள், முதலில் மனநல ஆலோசனை, அடுத்து மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் என்று படிப்படியாக ஏறி, ஹார்மோனை முற்றிலும் அடக்கும் ஊசியை மேற்படிகளில் வைக்கின்றன. ஆனால் செய்தித்தாள் விவாதங்களில் அந்த மேற்படி மட்டுமே பேசப்படுகிறது.

சட்டங்கள் சொல்லும் காலம் வேறு. 2011-இல் நடைமுறைக்கு வந்த கொரியச் சட்டத்தின்படி நீதிமன்றம் 15 ஆண்டுகள் வரை உத்தரவிடலாம். கலிஃபோர்னியா 1996-இல் நிறைவேற்றிய சட்டம், பரோலில் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பு ஊசியைத் தொடங்கி, இனித் தேவையில்லை என்று அதிகாரிகள் நிறுவும் வரை தொடரச் சொல்கிறது. இந்தோனேசியாவில் இரண்டு ஆண்டு உச்சவரம்பு.

மூன்று ஆண்டுகள், ஐந்து ஆண்டுகள் என்று டெஸ்டோஸ்டீரோன் இல்லாமல் இருக்கும் உடலில் முதலில் அடிபடுவது எலும்பு. 35 வயது ஆணின் எலும்பு மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கடந்த பெண்ணின் எலும்பைப் போல மெலியத் தொடங்கும். எனவே தொடங்கும் முன்பே டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பு அடர்த்தியைக் குறித்துவைத்து, பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் தர வேண்டும். அடர்த்தி மிகவும் இறங்கினால் எலும்புக்கான தனி மருந்து வேண்டும். தசை குறைந்து கொழுப்பு கூடும், சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும், சிலருக்கு மார்பு பெருக்கும், இரத்தசோகை வரும், மனச்சோர்வு வரும். மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்டிரோனில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் உண்டு. சைப்ரோட்டிரோன் கல்லீரலைத் தாக்கக்கூடும். அது மூளை உறையில் கட்டி வளரும் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதால் ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

ஊசி போட்டுவிட்டோம் என்று கோப்பை மூடிவிடவும் முடியாது. டெஸ்டோஸ்டீரோன் ஜெல்லும் ஊசியும் உடற்பயிற்சிக் கூடங்களின் வழியே கள்ளத்தனமாகக் கிடைக்கின்றன. ஒருவர் அவற்றை வாங்கி எடுத்துக்கொண்டால் சிகிச்சை வீண். ஆகவே இரத்தத்தில் ஹார்மோன் அளவைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வியை, அத்தனை ஆண்டுகளும் ஒரு மனநல மருத்துவரும் ஓர் ஆய்வுக்கூடமும் ஒரு கண்காணிப்பு அலுவலரும் அந்த ஒரு மனிதருக்குக் கிடைப்பார்களா என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (சென்னை வாசகி): நான் ஒரு பெண் குழந்தையின் தாய். பாலியல் கொடுமைச் செய்திகளைப் படித்துவிட்டு இரவில் தூக்கம் வருவதில்லை. பல நாடுகளில் இருக்கும் இந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவர என்ன தயக்கம்? குற்றவாளியின் எலும்பைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: உங்கள் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அந்தக் கோபம் நீங்கள் மட்டும் அடைந்ததும் அன்று. டெல்லி மாணவி கொல்லப்பட்டதை அடுத்து, 2013 ஜனவரி முதல் நாளில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா இந்தத் தண்டனைக்கு வழிசெய்யச் சட்டத்தைத் திருத்துமாறு மத்திய அரசை வலியுறுத்தினார். 2015 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன், தமிழ்நாட்டுச் சிறுவன் ஒருவனை வெளிநாட்டவர் ஒருவர் கொடுமைப்படுத்தியதாகக் கூறப்பட்ட வழக்கில், குழந்தைகளிடம் இக்குற்றம் புரிவோருக்கு ஆண்மை நீக்கத்தைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னார்.

மறுபுறம், டெல்லி சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, 2013 ஜனவரி 23 அன்று தந்த அறிக்கையில் இதை ஏற்கவில்லை. ஒருவரின் சம்மதமின்றி ஆபத்தான பக்கவிளைவுகளுக்கு அவரை உட்படுத்துவது அரசமைப்புக்கு முரணானது என்றும், இந்தக் குற்றத்தின் சமூக வேர்களை மருந்து தொடுவதே இல்லை என்றும் அக்குழு சொன்னது. இரண்டாவது காரணம்தான் எனக்கு முதன்மையானது. மேலே மதுரை மாணவருக்குச் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: யாரிடம் வேலை செய்யாதோ அவரிடம் ஊசியைப் போட்டுவிட்டு, இனி ஆபத்தில்லை என்று அதே தெருவுக்கு அனுப்பிவைத்தால், உங்கள் மகளுக்கு நாம் செய்தது பெரிய துரோகம்.

சம்மதம் பற்றியும் ஒரு சொல். 1952-இல் இங்கிலாந்தில் கணிதமேதை ஆலன் டூரிங், ஓரினச்சேர்க்கைக்காகத் தண்டிக்கப்பட்டார். சிறையா, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனா என்ற நிலையில் ஹார்மோனை ஏற்றார், ஓராண்டு தொடர்ந்தது, மார்பு பெருத்தது, 1954-இல் 41 வயதில் இறந்தார். எந்தக் குழந்தைக்கும் அவர் தீங்கு செய்தவர் அல்லர். அரசின் கையில் இந்த ஊசி இருக்கும்போது, யாருக்குப் போடுவது என்பதை அந்தந்தக் காலத்தின் சட்டமே தீர்மானிக்கும் என்பதற்காகவே அவரைச் சொல்கிறேன். இந்தோனேசியா 2016-இல் இதைத் தண்டனையாக்கியபோது, அந்நாட்டு மருத்துவர் சங்கமே ஊசியைப் போட மறுத்தது. மால்டோவாவின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2013-இல் இத்தகைய சட்டத்தை ரத்து செய்தது. கொரிய அரசியல் சட்ட நீதிமன்றம் 2015 டிசம்பரில் சட்டத்தைப் பொதுவாக ஏற்றாலும், தீர்ப்பு நாளில் உத்தரவிட்டு, பல ஆண்டு சிறைக்குப் பின் விடுதலையாகும்போது ஊசி இன்னும் தேவையா என்று மறுபடி பார்க்க வழி இல்லாதது தவறு என்றது.

எனக்குச் சரியென்று படும் வழி இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம்ஷயரின் வாட்டன் சிறையில் நடப்பது. சிறைத் தண்டனை தண்டனையாகவே இருக்கிறது. அதில் ஒரு நாளும் குறைவதில்லை. அதற்குள்ளே, தன் உந்துதலைக் கண்டு தானே அஞ்சும் கைதிக்கு, மனநல சிகிச்சையோடு சேர்த்து, அவர் விருப்பத்தின் பேரில் மருந்து தரப்படுகிறது. நம் சிறைகளில் பாலியல் குற்றவாளிகளுக்கு முறையான மனநல மதிப்பீடே அரிதாக இருக்கும்போது ஊசிச் சட்டத்தைப் பேசுவது, நோய் என்னவென்று பார்க்காமலே மருந்துச் சீட்டு எழுதுவதாகும்.

கேள்வி (ஊர் குறிப்பிடாத வாசகர்): எனக்கு 27 வயது. குழந்தைகளைப் பார்க்கும்போது வரக்கூடாத எண்ணம் வருகிறது. இதுவரை யாரையும் தொட்டதில்லை. கோடை விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். செத்துவிடலாமா என்று தோன்றுகிறது. அந்த ஊசியை நானாகவே போட்டுக்கொள்ள முடியுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இதை எழுதியது நீங்கள் எடுத்த முதல் சரியான அடி. நீங்கள் தேர்ந்தெடுத்து இந்த ஈர்ப்பு வரவில்லை. அதன்படி நடக்காமல் இருப்பது மட்டும் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, இதுவரை இருந்தும் காட்டியிருக்கிறீர்கள்.

ஊசியை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. முதல் வாரங்களில் உந்துதல் ஏறும் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஸ்வீடனில் 52 ஆண்கள் உங்களைப் போலத் தாங்களாகவே உதவி கேட்டு வந்து ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். அது 2020-இல் வெளியானது. டெகாரெலிக்ஸ் ஊசி போட்டவர்களுக்கு இரண்டே வாரங்களில் ஈர்ப்பும் அந்த நினைப்பிலேயே உழல்வதும் குறைந்தன. அதே ஊசி போட்டவர்களில் இருவர் தற்கொலை எண்ணம் அதிகரித்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். செத்துவிடலாமா என்று ஏற்கெனவே கேட்கும் உங்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அந்த மருந்து ஆகாது. பலருக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரையும் தொடர்ந்த ஆலோசனையுமே போதுமானதாக இருக்கின்றன.

இன்றே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். முதலில் சாக வேண்டும் என்ற எண்ணத்தைச் சொல்லுங்கள். பிறகு ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். எண்ணம் மட்டும் இருப்பது குற்றமில்லை. ஆனால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்ற அச்சம் எழுந்தால் அதைத் தெரிவிக்கும் கடமை போக்சோ சட்டத்தில் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நிலை வருவதற்கு முன்பே போவதுதான் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது. கைபேசியில் குழந்தைகளின் ஆபாசப் படம் ஏதும் இருந்தால் அதை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாக்கிவிட்டது. அந்தப் பக்கம் இனி போகவே வேண்டாம்.

அக்கா பிள்ளைகள் வரும் நாட்களில் வீட்டில் இருக்காதீர்கள். வெளியூரில் வேலை, நண்பன் வீட்டுக் கல்யாணம், பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று எதையாவது சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தவிர்க்கவே முடியாமல் இருக்க நேர்ந்தால், பெரியவர்கள் இல்லாத அறையில் ஒரு நிமிடம்கூடப் பிள்ளைகளோடு தனியாக இருக்க வேண்டாம். குளிப்பாட்ட, தூங்கவைக்க, கடைக்குக் கூட்டிப்போக யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். காரணத்தை வீட்டில் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் மட்டும் முழுவதையும் சொல்லுங்கள். போய்ப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அதை அச்சிட மாட்டேன்.